பதினொரு பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் தகவல் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

உப்புவெளியில் விருந்தினர் விடுதியும் சுற்றுலாப் படகுச் சேவையும், நகரத்தில் ஒரு கணக்குப் பிரிவும் வைத்திருக்கும் பதினொரு பேர் கொண்ட நிறுவனம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணினிக் கடையொன்று, வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் பயர்வோல் கருவியொன்றையும் ஆண்டுச் சந்தாவுடன் கூடிய வைரஸ் தடுப்பு மென்பொருளையும் சேர்த்துச் சில இலட்சம் ரூபாவுக்கு விலைமனு தந்திருக்கிறது. அதை வாங்கினால் இப்போது எங்கும் பேசப்படும் தாக்குதல்களிலிருந்து தப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போன்ற ஓரிடத்துக்கு இழப்பு உண்மையில் எந்த வழியாக வருகிறது, அந்த வழியில் இந்தக் கருவிகள் குறுக்கே நிற்கின்றனவா என்பதே அதற்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை தெரிந்தால் விலைமனுவுக்கு என்ன பதில் சொல்வது என்பதும் தெரிந்துவிடும்.

நான் வலையமைப்புத் துறையில் படித்து, திருகோணமலை நகரிலும் நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் உள்ள சிறு அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், விடுதிகள் ஆகியவற்றின் கணினிகளைப் பல வருடங்களாகப் பராமரித்து வருபவன். வங்கிகளின் மைய முறைமைகளிலோ துறைமுகக் கட்டுப்பாட்டுக் கணினிகளிலோ வேலை செய்தவன் அல்லன்; ஆகையால் இங்கு சொல்வதைப் பெரிய நிறுவனங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். "எங்களிடம் என்ன இருக்கிறது, எங்களைத் தேடி யார் வரப்போகிறார்கள்" என்ற பேச்சை நான் போகும் இடமெல்லாம் கேட்கிறேன். உங்களைக் குறித்துத் தேடி எவரும் வருவதில்லை என்பது பெரும்பாலும் சரிதான். ஒரே பொறியை இலட்சக்கணக்கான முகவரிகளுக்கு அனுப்பிவிட்டு, எது சிக்குகிறதோ அதன் பெறுமதியைப் பிறகு கணக்குப் பார்ப்பதே இன்றைய தொழில்முறை. அதில் சிறியவர், பெரியவர் என்ற வேறுபாடு சிக்கிய பின்னர்தான் வருகிறது.

நான் பார்த்தவரையில் சிறு நிறுவனமொன்றுக்கு ஒரே நாளில் மிகப் பெரிய இழப்பைக் கொண்டுவருவது, வழக்கமாகச் செய்யும் ஒரு கொடுப்பனவுதான். படகு இயந்திரத்தின் உதிரிப்பாகங்களை அனுப்பும் கொழும்பு வழங்குநருக்கோ உங்களுக்கோ சொந்தமான மின்னஞ்சல் கணக்கொன்றுக்குள் ஒருவன் நுழைந்துவிடுகிறான். நுழைந்தவன் எதையும் தொடுவதில்லை; வாரக்கணக்கில் கடிதங்களை வாசித்து, யார் யாருக்கு எப்போது எவ்வளவு செலுத்துகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்கிறான். பிறகு, பணம் கேட்டு வழங்குநர் அனுப்பும் உண்மையான சிட்டையின் அதே வடிவத்தில், அதே தொகையில், வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் மாறிய ஒரு சிட்டை வருகிறது. இப்படிப் பாதிக்கப்பட்ட ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, அமைப்புகளுக்குள் எவரும் உருவாக்காத ஒரு விதி இருந்தது. அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. சிட்டை, வங்கி, கொடுப்பனவு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வரும் கடிதங்களையெல்லாம் வாசித்ததாகக் குறித்து, எவரும் திறந்தே பார்க்காத ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. "பணம் இன்னும் வந்து சேரவில்லையே" என்று வழங்குநர் அனுப்பிய கடிதங்கள் அந்தக் கோப்புறைக்குள் வரிசையாகக் கிடந்தன. இன்றைக்கே உங்கள் அலுவலகக் கணக்குகள் ஒவ்வொன்றிலும் விதிகள், தன்னியக்கமாக வேறு முகவரிக்கு அனுப்புதல் ஆகிய இரண்டு இடங்களையும் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

இத்தகைய பணத் திருட்டில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2016 பெப்ரவரியில், நியூயோர்க்கில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து 951 மில்லியன் டொலரை எடுக்க முயன்றவர்கள் பிலிப்பைன்ஸுக்கு 81 மில்லியனைக் கொண்டுசென்றுவிட்டார்கள். இலங்கையிலுள்ள ஒரு வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலர் தடுக்கப்பட்டது. பெறுநரின் பெயரிலிருந்த 'பவுண்டேஷன்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் பிழை இருந்ததை இடையிலிருந்த வங்கியொன்று கவனித்துக் கேள்வி எழுப்பியது. எழுத்துப்பிழையைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்று நாமும் ஊழியர்களுக்கு நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பாடம் இனிச் செல்லாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் துணையால் இன்று எவரும் பிழையற்ற ஆங்கிலத்திலும் சிங்களத்திலும், ஓரளவு நல்ல தமிழிலும் கடிதம் எழுத முடிகிறது. குரலும் முகமும்கூட அப்படித்தான். ஹொங்கொங்கில் 2024இன் தொடக்கத்தில் வெளியான சம்பவத்தில், பன்னாட்டுப் பொறியியல் நிறுவனமொன்றின் ஊழியர் காணொலிக் கூட்டத்தில் தமது நிதித் தலைவரையும் சக ஊழியர்களையும் கண்டதாக நம்பி ஏறத்தாழ 200 மில்லியன் ஹொங்கொங் டொலரை அனுப்பினார். அந்த முகங்கள் கணினியால் உருவாக்கப்பட்டவை.

ஆகவே கணக்கு இலக்கம் மாறியதாக எந்த வழியில் தகவல் வந்தாலும், ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் இருக்கும் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களாக அழைத்து உறுதிசெய்த பிறகே பணம் போக வேண்டும். கடிதத்தில் தரப்பட்ட இலக்கத்துக்கு அழைப்பதில் பயனில்லை. அவர்களாக எடுத்த அழைப்பும் கணக்கில் சேராது. லங்காபே ஊடாக வங்கிகளுக்கிடையே நடக்கும் உடனடிப் பணமாற்றம் நொடிகளில் முடிந்துவிடுவதால், காசோலைக் காலத்தில் கிடைத்த ஓரிரு நாள் அவகாசமும் இப்போது இல்லை. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஒருவர் பதிவுசெய்ய இன்னொருவர் அனுமதிக்கும் வசதியை வங்கிகள் நிறுவனக் கணக்குகளுக்குத் தருகின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பங்காளிகளில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வட்ஸ்அப் கணக்கிலிருந்து "அவசரம், இப்பவே போடு தம்பி, நான் கூட்டத்தில நிக்கிறன்" என்று ஒரு செய்தி வந்தால், உங்கள் காசாளர் திருப்பி அழைத்துக் கேட்பாரா? நம்மிடையே முதலாளியைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவாகவே பார்க்கப்படுகிறது, மோசடிக்காரனுக்கு அது நன்றாகத் தெரியும். உறுதிசெய்வதற்காகக் கொடுப்பனவைத் தாமதப்படுத்திய ஊழியரை எவரும் ஏச மாட்டோம் என்று பங்காளிகள் எல்லோரும் கையொப்பமிட்டு எழுத்தில் கொடுத்துவிடுவது, அந்த விலைமனுவிலுள்ள எந்தக் கருவியையும்விட உங்களைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

விடுதி நடத்துபவர் என்பதால் உங்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. புக்கிங்.கொம் தளத்தின் பெயரில் விருந்தோம்பல் துறையினரைக் குறிவைத்து வந்த ஏமாற்று மின்னஞ்சல்களைப் பற்றி மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 மார்ச்சில் விரிவாக எச்சரித்திருந்தது. வரவேற்பு மேசைக்கு ஒரு முறைப்பாடு வருகிறது: முன்னர் தங்கிய விருந்தினர் ஒருவர் மோசமாக விமர்சனம் எழுதியிருக்கிறார், பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று ஓர் இணைப்பு. அதை அழுத்தினால் முன்பதிவுத் தளத்தைப் போலவே தோன்றும் ஒரு பக்கம் திறந்து, நீங்கள் ரோபோ அல்லர் என்று நிரூபிக்கச் சொல்கிறது. பெட்டியில் குறியிட்டதும் மூன்று படிகள் வருகின்றன: வின்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு என்டர். குறியிட்ட அந்தக் கணத்திலேயே ஒரு கட்டளை கணினியின் நினைவில் நகலெடுக்கப்பட்டுவிட்டது. இந்த மூன்று படிகளும் அதை உங்கள் ஊழியரின் கையாலேயே இயக்கவைக்கின்றன. பாவனையாளரே இயக்கிய கட்டளை என்பதால், தரவிறக்கிய கோப்பைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கைகள் இங்கே வருவதில்லை. வைரஸ் தடுப்பு சில வேளை பிடிக்கும், சில வேளை தவறவிடும். உள்ளே வந்த நிரல் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணக்குகளுக்குள் மறுபடி கடவுச்சொல் கேட்காமல் விடும் அடையாளக் குறிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதற்குப் பிறகு திருடன் உங்கள் விடுதியின் பெயரில், உண்மையான முன்பதிவு இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, வரவிருக்கும் விருந்தினர்களிடம் கடன் அட்டை விபரத்தைக் கேட்கிறான். பணத்தை இழந்தவர் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருப்பார். கெட்ட பெயர் உப்புவெளிக்கு வரும்.

இதற்கு வரவேற்பு மேசையிலிருக்கும் பிள்ளைகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னால் போதும்: எந்த இணையப் பக்கமும் விசைப்பலகையில் கட்டளையை ஒட்டச் சொல்லாது, சொன்னால் அது திருடன். விருந்தினரின் முறைப்பாடு எதுவானாலும் தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணினியில் அன்றாடம் பாவிக்கும் கணக்கு, மென்பொருள் நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் விடும் நிர்வாகி உரிமை இல்லாததாக இருக்கட்டும்.

உள்நுழைவு விடயத்தில் உறுதியாகத் தெரிந்ததையும் மிகைப்படுத்தப்படுவதையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று இருந்தால், திருடப்பட்ட கடவுச்சொல்லை மட்டும் வைத்து நடக்கும் நுழைவுகள் பெரும்பாலும் நின்றுவிடும், இதில் ஐயமில்லை. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய்வழி நின்றுபோனதற்குத் தொடக்கமாக இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு தொலைநுழைவுக் கணக்கு. ஆனால் இரண்டாவது சரிபார்ப்பை வைத்துவிட்டால் எவரும் நுழைய முடியாது என்பது சரியல்ல. மேலே சொன்னபடி உள்நுழைந்த நிலையையே திருடினால் அது கேட்கப்படுவதேயில்லை. குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைவிடக் கைபேசியிலுள்ள சரிபார்ப்புச் செயலி மேல். அதைவிட, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியிலோ கணினியிலோ வைத்த சாவியைப் பாவிக்கும் பாஸ்கீ எனப்படும் முறை மேல், ஏனென்றால் போலித் தளத்தில் அது வேலை செய்யாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே கைவிட்டது. மாற்றச் சொன்னால் இறுதி எண்ணை மட்டும் கூட்டிவிட்டுப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நீளமான, ஓரிடத்தில் மட்டும் பாவிக்கும் கடவுச்சொல், ஆளுக்கொரு கணக்கு, இவை போதும். உங்கள் விடயத்தில் இதைவிட முக்கியமானது வேறொன்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரையான பருவத்துக்கு எடுக்கும் தற்காலிக ஊழியர்கள் போன பிறகும் அவர்களுடைய கைபேசிகளில் விடுதியின் மின்னஞ்சலும் முன்பதிவுத் தளமும் முகநூல் பக்கமும் திறந்தபடியே இருக்கும். கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றே அவற்றை மூடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் தாக்குதலைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற அத்தகைய நிரல் பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. இற்றைப்படுத்தாத கணினிகளே அகப்பட்டன. நம் நாட்டில் 2023 ஆகஸ்டில் அரசாங்க மேகக்கணிமை மின்னஞ்சல் தாக்கப்பட்டபோது, அந்த மே நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின, அந்தக் காலப்பகுதிக்குத் தனியான காப்புப்பிரதி இருக்கவில்லை. மென்பொருளும் காலாவதியானது. இந்த இரண்டு காரணங்களும் உங்கள் அலுவலகத்தில் உண்டா என்று பாருங்கள். வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கணக்குப் பிரிவில் அது இன்னும் ஓடுமானால், விலைமனுவுக்கென்று ஒதுக்கிய பணத்தை முதலில் அங்கே செலவழியுங்கள். நம் ஊர்களில் இன்னொரு வியாதியும் உண்டு. அனுமதியற்ற வின்டோஸையும் ஒஃபிஸையும் இயக்குவதற்குப் போடப்படும் கிராக் நிரல்களில் பல, வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டே நிறுவும்படி கேட்கின்றன; நிறுத்திய பிறகு உள்ளே என்ன வந்தது என்பதை எவரும் பார்ப்பதில்லை. ஒரு கையால் அதைப் போட்டுவிட்டு மறு கையால் வைரஸ் தடுப்புச் சந்தாவை விற்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

காப்புப்பிரதிக்குப் பழைய விதியே போதும்: மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் ஹாட் டிஸ்க், கோப்புகளைப் பூட்டும் நிரலுக்கு இன்னொரு கோப்புறை மட்டுமே. எடுத்து முடிந்ததும் கழற்ற வேண்டும். கூகிள் டிரைவ், வன்டிரைவ் போன்றவை பூட்டப்பட்ட கோப்பையும் விசுவாசமாக நகலெடுத்துவிடும். பழைய பதிப்புகளுக்குத் திரும்பும் வசதி உண்டு என்றாலும் அதற்கும் கால எல்லை இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் நிலாவெளி, உப்புவெளிக் கரையிலிருந்த விடுதிகளுக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிரதி மேட்டிலுள்ள உவர்மலையில் யாராவது ஒரு பங்காளியின் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும், கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து ஒரு மாதத்துக் கணக்கை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். வருடக்கணக்காக நடந்த காப்புப்பிரதிகள் திறக்க முயன்ற அன்றுதான் வெறுமையாகத் தெரியவந்த அலுவலகங்கள் உண்டு.

இனி விலைமனு. உங்கள் அளவுக்கு வின்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு, இற்றைப்படுத்தி வைத்திருந்தால் போதுமானது என்பது என் கணிப்பு. கட்டணச் செயலிகள் பயனற்றவை என்று சொல்லவில்லை, மேலே சொன்னவற்றுக்குப் பிறகே அவற்றின் முறை. பயர்வோல் கருவியின் பதிவுகளைப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஓர் ஆள் இல்லையென்றால் அது ஒரு விலையுயர்ந்த ரவுட்டர். ஆனால் கடைக்காரர் வந்து செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. விருந்தினர்களின் வைஃபையும் அலுவலகக் கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருக்கும் பங்காளி பார்ப்பதற்காகச் சிசிடிவிப் பதிவுக் கருவியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தால், அதுவும் கருவியுடன் வந்த தொழிற்சாலைக் கடவுச்சொல்லுடன் இருந்தால், அதை உடனே மூட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு தானாகவே நிறுவனங்களை உடைத்துக்கொண்டு நுழைகிறது என்று விற்பனையாளர்கள் சொல்வதைப் பாதியாகக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுக் கடிதங்களின் தரம் உயர்ந்தது உண்மை, ஆனால் உங்களைப் போன்றோர் இழக்கும் வழிகள் இன்னமும் பழையவையே. கப்பம் கொடுத்தால் தரவு திரும்புமா என்பதற்கு உறுதியான விடை கிடையாது. அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கெயார் நிறுவனம் 2024இல் 22 மில்லியன் டொலர் கொடுத்தது. அதன் பிறகு வேறொரு குழு அதே தரவைக் காட்டி மறுபடியும் மிரட்டியது. கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை, ஆனால் காப்புப்பிரதி இல்லாமல் நிற்பவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல என்பதும் தெரியும்.

பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள். பெறும் வங்கியில் அது எடுக்கப்படுவதற்கு முன்னர் நிறுத்தக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பிறகு பொலிஸில் முறைப்பாடு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்குப் பொருந்தும். தொழில்நுட்ப உதவிக்கு, கணினி அவசர நிலைகளைக் கையாளும் அமைப்பாக 2006 முதல் இயங்கும் ஸ்ரீலங்கா சேர்ட் இருக்கிறது. கணினி பாதிக்கப்பட்டதாகத் தெரிந்தால் வலையமைப்பு வயரைக் கழற்றி, வைஃபையை நிறுத்துங்கள்; உடனே ஃபோமட் செய்ய எவரையும் விடாதீர்கள், தடயம் போய்விடும். கடவுச்சொற்களை மாற்றுவது வேறொரு சுத்தமான கணினியிலிருந்து நடக்க வேண்டும், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் தெரிவையும் சேர்த்து அழுத்த வேண்டும். வங்கி, பொலிஸ், சேர்ட் ஆகியவற்றின் தொலைபேசி இலக்கங்களை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கணினி பூட்டப்பட்ட அன்று கணினிக்குள் இருக்கும் பட்டியல் உதவாது.

விருந்தினர்களின் கடவுச்சீட்டுப் படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விடுதிகளில் அவை வரவேற்பு ஊழியரின் சொந்தக் கைபேசியிலும் வட்ஸ்அப் குழுவிலும் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவை வைத்திருப்பவர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. அதன் பிரிவுகள் நடைமுறைக்கு வரும் காலம் தள்ளிவைக்கப்பட்டு வந்திருப்பதால், எது எப்போது உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள், நான் சட்டம் படித்தவன் அல்லன். அதுவரை, அலுவலகத்துக்கென்று ஒரு கைபேசியை வைத்து அதில் மட்டும் படம் எடுத்து, அன்றே பூட்டிய கோப்புறைக்கு மாற்றி, கைபேசியிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள். பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் கணக்காய்வாளருடன் பேசி ஒரு திகதியை முடிவுசெய்து, அதைத் தாண்டியவற்றை ஆண்டுக்கொரு முறை நீக்குங்கள்.